309-ஆம் சாலையின் நான்காவது கல்

காரின் மீட்டர் நான்கு புள்ளி இரண்டு காட்டியது. சிவசண்முகம் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார். நான்கு புள்ளி இரண்டுதான். பாளையங்கோட்டைப் பக்கம், சாலை தொடங்குகிற இடத்தில் நிறுத்தி, மீட்டரைச் சுழியாக்கிவிட்டுத்தான் கிளம்பியிருந்தார். இப்போது வண்டி 'நெடுஞ்சாலை எல்லை முடிவு' என்ற பலகைக்கு நேராக நிற்கிறது. பலகை இருப்பது மூன்று புள்ளி ஆறு கிலோமீட்டரில். அதை நட்டவரே அவர்தான், மறந்துபோக வழியில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு போய் முதலிலிருந்து மீண்டும் ஓட்டி வந்தார். பலகைக்கு நேரே வந்ததும் மீட்டர் அதையே சொன்னது.

309-ஆம் எண் நெடுஞ்சாலை என்றால் இன்று பாளையங்கோட்டையில் பாதிப் பேருக்குத் தெரியாது. சேரன்மகாதேவிப் பக்கமிருந்து நெல் ஏற்றி வரும் லாரிகள் ஊருக்குள் புகுந்து பள்ளிக்கூடப் பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று, எண்பத்தாறில் வயல்களுக்கு நடுவே மண்ணைக் கொட்டி உயர்த்திப் போட்ட குட்டிச் சாலை அது. டவுன் பஸ்கூடக் கொஞ்ச காலம் ஓடியது. பிறகு நான்குவழிச் சாலை வந்தது, லாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டன, இந்தச் சாலையில் நெல் காயப்போட்டார்கள். இப்போது அந்த எண்ணையே ரத்து செய்கிறார்கள். அதற்குமுன் இரண்டு பக்கத்தில் 'சாலை வரலாறு' ஒன்று எழுதிக் கோப்பில் வைக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கூட்டாய்வு. அளந்து பார்த்ததும் சாலை ஊராட்சிக்குக் கைமாறிவிடும்.

வரலாற்றை எழுதும் வேலையை நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளரான சிவசண்முகம் தானே கேட்டு வாங்கிக்கொண்டார். மாதக் கடைசியில் அவருக்கு ஓய்வு. அதற்குள் இந்தக் கோப்பு மூடப்பட்டால் பிறகு எந்தக் கொம்பனும் அதைத் திறக்கப்போவதில்லை. ஆயுத பூஜை விடுமுறையாகப் பார்த்து, யாரும் கூட வராதபடி, படமெடுக்கத் தனியாக வந்ததும் அதனால்தான்.

பலகைக்கு அப்பால் தார் பெயர்ந்து கிடந்தது. நானூறு மீட்டர் தள்ளி, கால்வாய்க்குக் குறுக்கே இருந்த இடிந்த சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில், ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஊதுபத்திப் புகை நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. உச்சி வெயிலில், நாற்று நட்ட வயல்களின் சேற்று வாசனைக்கு நடுவில், அந்தப் புகையின் வாசனை காருக்குள் வந்தது. கண்ணாடி ஏற்றித்தான் இருந்தது. சிவசண்முகம் மெதுவாக அங்கே ஓட்டிப் போனார். போய்ச் சேர்ந்தபோதும் மீட்டர் நான்கு புள்ளி இரண்டைவிட்டு அசையவில்லை.

உட்கார்ந்திருந்தவர் தளவாய். சாலைப் பணியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாலைப் பணியாளர்கள் ஆயுத பூஜையன்று தங்கள் பொறுப்பிலுள்ள கிலோமீட்டர் கல்லைக் கழுவி வெள்ளையடித்து, சந்தனம் குங்குமம் வைத்து, மண்வெட்டியையும் கடப்பாரையையும் அதில் சாய்த்து வைத்து, பொரிகடலை படைத்துக் கும்பிடுவார்கள். தளவாயின் முன்னாலும் இலை இருந்தது, பொரி இருந்தது, மண்வெட்டி இருந்தது. கல்தான் இல்லை. வெறும் மண்ணில் சந்தனத்தைக் கொட்டி வைத்திருந்தார்.

"வாங்கய்யா," என்றார், எழுந்திருக்காமல்.

"இங்கன என்னவே செய்யுதீரு? கல்லே இல்லாத இடத்துல பூசை போடுதீரே."

"கல்லு இல்லதான். அவ இருக்கால்லா."

சிவசண்முகம் செல்போனை எடுத்துப் பாலத்தை அவசரமாக மூன்று படம் எடுத்தார்.

"வெள்ளிக்கெழம ரோட்டைக் கை மாத்துதாவளாம். சரித்திரம் நீங்கதான் எழுதுதீயன்னு சொன்னாவ. ஒரு வரி சேத்து எழுதிருங்கய்யா. நாலாம் கல்லு இங்கன இருந்துச்சு. அன்னத்தாய் வேலைக்கு வந்தவ, திருட வந்தவ இல்ல. அம்புட்டுதான். நான் வேற ஒண்ணும் கேக்கல."

பதினான்கு வருடத்துக்கு முன்பு ஓர் ஐப்பசி. பாலத்தடியில் தண்ணீர் போகும் கண் அடைத்துக்கொண்டு, தண்ணீர் சாலை மேல் ஏறியது. பாலத்தின் பக்கச் சுவரில் விரல் நுழைகிற விரிசல் இருந்ததைச் சிவசண்முகம் முதல் நாளே பார்த்திருந்தார். பார்த்திருந்தும், பெரிய அதிகாரி ஒருவர் அந்த வழியாக வருகிறார் என்ற பரபரப்பில், ஒடிசலான உடம்புக்காரி என்று தளவாயின் மனைவி அன்னத்தாயை உள்ளே இறங்கி அடைப்பை எடுக்கச் சொன்னார். "இறங்கவா ஐயா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். இரண்டு தடவையும் இறங்கு என்றார். சுவர் சரிந்தது.

அந்த இடம் நெடுஞ்சாலையாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் அவர். எனவே மறுநாள் விடிவதற்குள் அது நெடுஞ்சாலையாக இல்லாமல் போயிற்று. நாலாம் கல்லைப் பெயர்த்து, உடைத்து ஜல்லியாக்கி, அதே சாலையின் பள்ளத்தில் கொட்டி நிரவினார்கள். மூன்று புள்ளி ஆறில் பலகை முளைத்தது. அன்னத்தாய் வேலைக்கு வந்தவளே இல்லை, பாலத்துக் கம்பியை உருவித் திருட வந்து மாட்டிக்கொண்டவள் என்று அறிக்கை போயிற்று. அதற்கப்புறம் தளவாயை அந்தத் தெருவில் திருடி புருஷன் என்றுதான் கூப்பிட்டார்கள். சிவசண்முகத்தைக் கெட்டவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனித் தேருக்கு வருடம் தவறாமல் வடம் பிடிக்கிறவர். எவரையும் கைநீட்டி அடித்ததில்லை.

"முடிஞ்ச கதையை ஏன்வே கிண்டுதீரு?" என்றார் இப்போது. "நான் எழுதுனதை நானே மாத்தி எழுதச் சொல்லுதீரா? ரோடு மூணு புள்ளி ஆறுதான். அப்படித்தான் எழுதுவேன்."

தளவாய் தலையை ஆட்டினார். கோபமே இல்லை அந்த முகத்தில். அது சிவசண்முகத்துக்குப் பிடிக்கவில்லை.

"சரிங்கய்யா. ஆனா ரோடுன்னு இருந்தா கல்லு இல்லாம இருக்கப்படாது. நானே ஒண்ணு நட்டுக்கிடுதேன்."

"நட்டுக்கிடும், எனக்கென்ன," என்றார் சிவசண்முகம். இத்தோடு விட்டானே என்றிருந்தது.

தளவாய் எழுந்து வந்து சந்தனக் கிண்ணத்தை நீட்டினார். பூஜை நாளில் நீட்டிய பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்ல வாய் வராது. சிவசண்முகம் விரலை நீட்டுவதற்குள் தளவாயின் கட்டைவிரல் அவர் நெற்றியில் அழுந்தியது. சந்தனத்தை ஓர் அப்பு, அதன்மேல் குங்குமம். அழுத்தம் கொஞ்சம் அதிகம். சுண்டுவிரல் அளவு ஈரம் மூக்குத் தண்டில் வழிந்தது. பணியாளர்கள் மண்வெட்டிக்கும் கடப்பாரைக்கும் கல்லுக்கும் பொட்டு வைப்பது அப்படித்தான். மனிதருக்கு வைப்பது அப்படியல்ல என்று காரில் ஏறிய பிறகே அவருக்கு உறைத்தது.

வீட்டில் விஜயஸ்ரீ பூஜைக்கு எல்லாம் தயாராக வைத்திருந்தாள். டேப், கால்குலேட்டர், லேப்டாப், தையல் மெஷின், எல்லாவற்றுக்கும் பொட்டு. அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னங்க, ஒங்களுக்கும் பூசை போட்டு விட்டுட்டாங்களா? சந்தனம் காயவே இல்லியே."

அவர் குழாயடியில் போய்க் கழுவினார். கழுவிவிட்டுக் கண்ணாடியில் பார்த்தால் பொட்டு இருந்தது. சோப்புப் போட்டுத் தேய்த்தார். தோல் சிவந்ததே ஒழியப் பொட்டுப் போகவில்லை. சாப்பாட்டில் சுண்டல் இருந்தது, பாயசம் இருந்தது. எதிலும் ருசி இல்லை, மென்றால் பல்லுக்கிடையில் மணல் நெரிவதுபோல் சத்தம் கேட்டது. விஜயஸ்ரீக்கு அது கேட்கவில்லை. அவள் பாட்டுக்குத் தம்பி மகள் கல்யாண விஷயம் பேசிக்கொண்டிருந்தாள்.

இரண்டு மணிக்கு எழுத உட்கார்ந்தார். எழுத வராதவர் இல்லை. '309-ஆம் எண் நெடுஞ்சாலை 1986-ஆம் ஆண்டு அறிவிக்கை செய்யப்பட்டது. மொத்த நீளம் 3.6 கிலோமீட்டர்' என்று தட்டினார். முற்றுப்புள்ளி வைத்தபோது வலது காலின் பெருவிரல் மரத்துப்போனது. சம்மணமிட்டிருந்ததால் என்று காலைக் கீழே தொங்கப்போட்டார். 'இச்சாலையில் மூன்று கிலோமீட்டர் கற்கள் மட்டுமே உள்ளன.' பாதம் முழுக்க மரத்தது. 'இச்சாலையில் பணியின்போது விபத்து ஏதும் நிகழ்ந்ததாகப் பதிவு இல்லை.' முழங்கால்வரை ஏறியது. மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் யாரோ வாழைக்கன்று கட்டிய ஆட்டோவைக் கிளப்பிக்கொண்டிருந்தார்கள், அவர் தன் காலைக் கையால் தொட்டுப் பார்த்தார். வெயிலே படாத பாறையைத் தொட்ட மாதிரி இருந்தது.

விஜயஸ்ரீ காபி கொண்டுவந்தாள். டம்ளரை வைக்கும்போது அவள் முழங்கை அவர் தொடையில் இடித்தது. "அம்மா," என்று கையைத் தேய்த்துக்கொண்டாள். "என்னங்க பையில, கல்லு கணக்கா இருக்கு?"

"ஒண்ணுமில்ல."

பையில் ஒன்றுமே இல்லை.

கோப்பில் இணைக்க வேண்டிய படங்களுக்காகச் செல்போனை எடுத்தார். முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல். பலகை. பிறகு பாலத்தருகே அவசரமாக எடுத்த மூன்று படங்கள். முதல் படத்தில் தளவாயும் இலையும். இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் தளவாய்க்குப் பின்னால் ஒரு கல் நின்றது. வெள்ளையடித்த கல். இடுப்பு உயரம். சாதாரணக் கிலோமீட்டர் கல்லைவிட அகலம். படத்தைப் பெரிதாக்கினார். கல்லின் இரு பக்கமும் தொங்குவது என்ன என்று முதலில் பிடிபடவில்லை. கைகள். சட்டைக் கை மடித்துவிட்ட கைகள். அவர் இன்று போட்டிருக்கும் அதே கோடு போட்ட சட்டை.

அழித்தார். அடுத்த நொடி அதே இடத்தில் அந்தப் படம் இருந்தது.

இப்போதாவது அந்த ஒரு வரியை எழுதியிருக்கலாம். சிவசண்முகத்துக்கும் அது தோன்றாமல் இல்லை. லேப்டாப்பின் முன் உட்கார்ந்து 'மொத்த நீளம்' என்ற இடத்துக்குக் கர்சரைக் கொண்டுபோனார். 4.2 என்று அடித்தால் போதும். பிரிவுபசார விழாவுக்கு மாலை சொல்லியாகிவிட்டது. மேடையில் பேச மூன்று பேர். நாளைக்கே ஒரு விசாரணை வரும், பேப்பரில் படம் வரும், தேர் வடம் பிடிக்கிற இடத்தில் ஒருவரும் பக்கத்தில் நிற்க மாட்டார்கள். ஒரு செத்த கூலிக்காரிக்காகவா? அவருக்கு ஆத்திரம் வந்தது. தளவாய் ஏதோ மருந்து கலந்து அப்பிவிட்டான், வேறொன்றுமில்லை. கல் நட்டிருந்தால் பிடுங்கி எறிந்துவிட்டு வந்தால் தீர்ந்தது. 3.6 என்பதை அப்படியே விட்டு, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டார்.

கோப்பைக் காரின் முன் இருக்கையில் வைத்து, கொல்லையில் கிடந்த கடப்பாரையை டிக்கியில் போட்டுக்கொண்டு ஐந்தே காலுக்குக் கிளம்பினார். இருட்டுவதற்குள் வந்துவிடுகிறேன் என்றார். விஜயஸ்ரீ வாசல்வரை வந்தாள். அவர் நடந்த இடத்தில் சிமெண்டுத் தரை கீறியிருந்ததை அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாலையில் ஆளில்லை. முதல் கல், இரண்டாம் கல், மூன்றாம் கல். ஒவ்வொன்றையும் தாண்டும்போது அவர் இடுப்புக்குக் கீழே ஏதோ ஒன்று கனத்துக்கொண்டே வந்தது. பிரேக்கை மிதிக்கக் காலை இரண்டு கையாலும் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. வெயில் சாய்ந்து வயல்கள் மஞ்சளாகக் கிடந்தன. கொக்குகள் கூட்டமாக மேற்கே போயின. காரை நிறுத்தி, கடப்பாரையை எடுத்து ஊன்றிக்கொண்டு நின்றதும் கால்வாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது.

தளவாய் இல்லை. இலை அப்படியே இருந்தது. பொரியை ஒரு காக்கைகூடத் தொடவில்லை.

கல்லும் இல்லை. குழி இருந்தது.

இடுப்பளவு ஆழம். சதுரமாக, ஓரம் செதுக்கி, ஈர மண் பளபளக்க. பக்கத்தில் ஜல்லி குவிந்திருந்தது. பழைய ஜல்லி. சிலவற்றில் வெள்ளைச் சுண்ணாம்பு ஒட்டியிருந்தது, ஒன்றில் கறுப்பு மையின் ஒரு கோடு. அவருக்கு அது எந்தக் கல்லின் ஜல்லி என்று தெரியும். சாலைக்குள்ளே பதினான்கு வருடம் புதைந்து கிடந்ததை யார் பொறுக்கி எடுத்தது?

பாலத்தடியில் கூடை இழுபடும் சத்தம்.

நின்றது. மறுபடி இழுபட்டது.

ஈரச் சேலையின் வாசனை. சேறு. அழுகிய தாமரைத் தண்டு. யாரோ மூச்சு வாங்கினார்கள். ஆழத்திலிருந்து ஏறி வருகிறவர்கள் வாங்குவதுபோல் நீளமாக.

"யாரு?" என்றார்.

அவர் குரல் அவருக்கே கேட்கவில்லை. கடப்பாரை கையிலிருந்து நழுவியது. விழுந்த சத்தமும் இல்லை. திரும்பிக் காருக்கு ஓட வேண்டும். கால் வரவில்லை. சட்டைப் பையில் பேனா இருந்தது. காரில் கோப்பு. பத்தடி தூரம். "எழுதுதேன்," என்றார். "எழுதிருதேன், அன்னத்தாயி. நாலு புள்ளி ரெண்டுன்னே எழுதுதேன்."

பாலத்தடியில் சத்தம் நின்றது.

அவர் பின்கழுத்தில் குளிர்ந்த மூச்சு பட்டது. தண்ணீர் சொட்டியது. ஒன்று. இரண்டு. தோளில் ஒரு கை. விரல்களில் நகம் இல்லை. சுவரைப் பிறாண்டித் தேய்ந்த விரல்கள்.

"இறங்குங்கய்யா," என்றாள்.

அவர் மாட்டேன் என்றார். அவள் மறுபடியும் சொன்னாள். இரண்டாவது தடவை அவர் கால் தானாகவே குழிக்குள் இறங்கியது.

ஜல்லி விழத் தொடங்கியது. கூடை கூடையாக. அவளே சுமந்து வந்து கொட்டினாள். மெதுவாக, அவசரமில்லாமல். மண் போட்டுக் காலால் மிதித்து இறுக்கினாள். வேலை தெரிந்தவள்.

வெள்ளிக்கிழமை காலை கூட்டாய்வுக்கு நான்கு ஜீப்புகள் வந்தன. அவருக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் கேட்டது. இமை மூட முடியவில்லை. காலையிலேயே வெயில் நேராகக் கண்ணில் விழுந்தது. ஆட்கள் அவருடைய காரைச் சுற்றி நின்று பேசினார்கள். கால்வாயில் தேடுகிறார்களாம். விஜயஸ்ரீ வந்திருந்தாள். அழுது வீங்கிய முகத்தோடு அங்குமிங்கும் நடந்தவள், கால் தளர்ந்தபோது அவர்மேல் கைவைத்துச் சாய்ந்து நின்றாள். அவர் அவள் பெயரைச் சொன்னார். எத்தனை முறை சொன்னார் என்பது அவருக்கே தெரியாது.

உதவிப் பொறியாளர் பார்கவி டேப்பின் முனையை அவர் தலையில் பிடித்து வைத்துக்கொண்டு கோப்பைப் புரட்டினாள். புதிதாகச் சேர்ந்தவள், எதையும் இரண்டு தடவை அளந்து பார்ப்பவள்.

"சார் மூணு கல்லுன்னுதான் எழுதியிருக்காங்க. இங்கன நாலாவது கல்லு நிக்கே. பாலமும் நம்ம எல்லைக்குள்ளதான் வருது." கொஞ்சம் யோசித்தாள். "அப்ப இங்க செத்துப்போனதா பழைய ரிப்போர்ட்டுல இருக்க அந்த அம்மா டூட்டியிலதான் இருந்திருக்காங்க. அந்த ரிப்போர்ட்டே தப்பு."

"ஆமம்மா," என்றது தளவாயின் குரல். "டூட்டியிலதான் இருந்தா."

பார்கவி பேனாவை எடுத்து 3.6-ஐ அடித்து மேலே 4.2 என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். முடிந்தது, இனி விட்டுவிடுவார்கள் என்று சிவசண்முகம் நினைத்தார். உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் அழுகைபோல ஒன்று வந்தது.

"ஆனா கல்லுல எண்ணே இல்லியே," என்றாள் பார்கவி. "பெயிண்டு மழைக்கு அழிஞ்சிருமே. கொத்தி எழுதணும். யாரு செய்வா?"

"நான் செய்யுதேம்மா. நாலுன்னா மூணே கோடுதான், பைய கொத்துனா சாயங்காலத்துக்குள்ள முடிஞ்சிரும்."

ஜீப்புகள் போயின. காரை இழுத்துப் போனார்கள். விஜயஸ்ரீயைத் தாங்கிப் பிடித்துக் கூட்டிப் போனார்கள். தளவாய் சாக்கைக் கீழே விரித்து அவர் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பக்கத்தில், ஈரச் சேலையைப் பிழிந்து முந்தானையைச் செருகிக்கொண்டு அன்னத்தாய் வந்து உட்கார்ந்து, கல் ஆடிவிடாதபடி அவரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். தளவாய் சாக்குப்பையிலிருந்து உளியை எடுத்தார். முனையை நாக்கில் தொட்டுப் பார்த்தார். எங்கே தொடங்குவது என்று முகத்தில் அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்துவிட்டு, கீழ் உதட்டில் வைத்து, சுத்தியலை ஓங்கினார்.